சிகானுக்கு வாய் இல்லை

பெல்கிஸ் அயோனின் அச்சோவியம் எதைப் பார்த்தாலும் முதலில் நம்மைப் பிடித்து நிறுத்துவது கண்கள்தான். பாதாம்பருப்பு வடிவக் கண்கள், நம்மையே குறிவைத்துப் பார்க்கும். ஒரு நிமிடம் கழித்துத்தான் என்னவோ குறைகிறதே என்று உறைக்கும். அந்த முகங்களில் வாய் கிடையாது. கோபமா, வலியா, பக்தியா என்று சொல்ல உதடே இல்லை. நாம் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவை நம்மை விசாரித்து முடித்திருக்கும்.

1967 ஜனவரி 23 அன்று கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர் அயோன். 1999 செப்டம்பர் 11 அன்று, 32 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். பத்துப் பன்னிரண்டு ஆண்டு உழைப்புதான். அதிலும் பெரும்பகுதி ஒரே உத்தி, ஒரே கதை, அந்தக் கதையிலும் ஒரே பெண்.

பெண்மை, ஆன்மிகம், பண்பாட்டு மரபு. இந்த மூன்று சொற்களும் ஒன்றாக அச்சாகாத கண்காட்சிக் கையேடு இன்று அபூர்வம். அவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல ஒற்றுமையாகத் தோன்றும். அயோனின் வழக்கு எனக்கு முக்கியமாகப் படுவது அங்கே அவை ஒன்றோடொன்று மோதுவதால்தான். அவர் கையிலெடுத்த மரபு பெண்களை உள்ளேயே விடாதது. அதன் ஆன்மிகத்தில் அவருக்கு நம்பிக்கையும் இல்லை. தன்னை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டவர். அப்படியிருக்க, வாழ்நாள் முழுக்க அதையே ஏன் அச்சடித்துக்கொண்டிருந்தார்?

கதவுக்கு உள்ளே

அந்த மரபின் பெயர் அபாக்குவா. இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கும் கேமரூனின் தென்மேற்கும் சந்திக்கும் கிராஸ் ஆற்றுப் பகுதியில், கலபார் வட்டாரத்தில், எக்பே என்றொரு ஆண்கள் சங்கம் இருந்தது. எக்பே என்றால் சிறுத்தை. அந்த மண்ணிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்கள் கியூபாவில் அதற்கு மறுவுயிர் கொடுத்தார்கள். ஹவானா துறைமுகத்துக்கு எதிர்க்கரையிலுள்ள ரெக்லா என்ற ஊரில் 1836 வாக்கில் முதல் சங்கம் உருவானது. பிறகு ஹவானாவிலும் மத்தான்சாஸிலும் கப்பலில் மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளர்களிடையே ஆழமாக வேரூன்றியது. பாதி வழிபாடு, பாதி பரஸ்பர உதவிச் சங்கம். அடிமைத்தளையிலிருந்து ஒருவரை மீட்கப் பணம் திரட்டியதும் இதே சங்கங்கள்தான். காலனி அரசு இவர்களைக் குற்றக் கும்பலாகவே பார்த்தது. அந்தக் கறை பின்னாளிலும் போகவில்லை.

உறுப்பினராக வேண்டுமென்றால் நல்ல மகனாக, நல்ல தந்தையாக, நல்ல சகோதரனாக, நல்ல நண்பனாக இருக்க வேண்டும். நான்கு உறவுகளும் ஆணின் உறவுகள். பெண்ணுக்கு அனுமதி இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஏன் என்று கேட்டால் அவர்கள் சொல்லும் கதைதான் சிகானின் கதை. பல பாடங்கள் உண்டு. பொதுவான சரடு இது. எஃபோ குலத் தலைவன் இயாம்பாவின் மகள் சிகான் ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறாள். அவளுடைய குடுவைக்குள் ஒரு மீன் தானாக வந்து விழுகிறது. பெயர் தான்சே. சாதாரண மீன் இல்லை. அதன் உறுமலில் இறைவன் அபாசியின் குரல் இருக்கிறது. அந்தக் குரல் யாரிடம் இருக்கிறதோ அந்தக் குலத்துக்குத்தான் பலமும் செழிப்பும். குடுவையைத் தலையில் வைத்திருந்தவளின் காதில்தான் அது முதலில் விழுந்தது. யாரிடமும் மூச்சுவிடக்கூடாது என்று கட்டளை. அவளோ எதிர்க்குலமான எஃபிக் இளவரசன் மொக்கோங்கோவிடம் சொல்லிவிடுகிறாள். மரண தண்டனை.

கதை அதோடு முடிந்திருந்தால் வாய் காக்காதவள் செத்தாள் என்ற வழக்கமான நீதிக்கதையாகிவிடும். முடியவில்லை. மீனும் செத்துப்போகிறது, குரல் மங்குகிறது. அதைத் திரும்பக் கொண்டுவர நசாக்கோ என்ற மந்திரவாதி மீனின் தோலைப் போர்த்தி ஒரு முரசு செய்கிறான். சத்தம் வலுவாக வரவில்லை. சிகானின் ரத்தம் தேவைப்படுகிறது. சில பாடங்களில் அவளுடைய தோலையே போர்த்திப் பார்க்கிறார்கள், அப்போதும் வரவில்லை. கடைசியில் ஆட்டுத்தோல்தான் பேசுகிறது. எக்குவே என்ற அந்தப் புனித முரசு இன்றும் சடங்கறையில் திரைக்குப் பின்னால்தான் இருக்கும். யாரும் அதை அடிப்பதில்லை. தோல்மேல் ஊன்றிய கோலை விரலால் உரச உரச அது உறுமும்.

ஆக, பெண்ணுக்கு இடமில்லாத அறையின் நட்டநடுவில் இருப்பது ஒரு பெண்ணின் சாவு. அவள் கேட்ட குரலைத்தான் ஆண்கள் உரசி எழுப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அயோன் கால்வைத்த இடம் இது.

அவர் அதற்குள் போனது மாணவியாக. 1818இல் தொடங்கிய சான் அலெஹாந்த்ரோ கலைப்பள்ளியில் எண்பதுகளின் நடுவில் படித்தபோதே அபாக்குவாவைப் பற்றி இனவரைவியலாளர்கள் எழுதியதைத் தேடிப் படிக்கத் தொடங்கியிருந்தார். சடங்குகளைத் தூரத்தில் நின்றுதான் பார்க்க முடியும், அறைக்குள் போக முடியாது. வேடிக்கை என்னவென்றால், அபாக்குவா ஓவியத்துக்குப் புதிதே இல்லை. ஜனவரி 6, மூவரசர் திருநாளன்று காலனி அரசு கறுப்பர்களை ஆட்டபாட்டத்தோடு தெருவில் இறங்க அனுமதித்த காலத்தில், இரெமே என்ற முகமூடி ஆட்டக்காரர்களை லாந்தலூசே போன்ற 19ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் வண்ண வண்ணமாக வரைந்துவைத்தார்கள். கூம்புத் தொப்பி, கட்டம்போட்ட உடை, இடுப்பில் மணிகள். சுற்றுலாக்காரருக்கு விற்கும் பொம்மைகளிலும் அதே இரெமேதான். எல்லாம் வெளித்தோற்றம். சிகானை வரைய ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் பார்த்து வரைய உருவம் ஏது? மரபுக்குள் அவளுக்குச் சிலையில்லை, படமில்லை.

அந்த இரெமேயின் முகமூடியைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கூம்பின் முன்பக்கம் இரண்டு கண்கள் தைத்திருக்கும். வாய் இருக்காது. இரெமே பேசக்கூடாது, இறந்த மூதாதையின் ஆவி அது. கையசைவிலும் இடுப்பு மணியிலும்தான் பதில் சொல்லும்.

இப்போது அயோனின் பெண்களிடம் திரும்பி வாருங்கள். வாயில்லாத அந்த முகத்தை 'ஒடுக்கப்பட்ட பெண்ணின் மௌனம்' என்று படிப்பது சுலபம், எல்லோரும் அப்படித்தான் படிக்கிறார்கள். தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த முகம் அயோன் கற்பனையில் செய்ததல்ல. ஆண்கள் அணியும், பெண் தொடக்கூடாத முகமூடியின் முகம் அது. கூம்பையும் உடையையும் மணியையும் கழற்றிவிட்டு, கண்ணையும் வாயின்மையையும் மட்டும் எடுத்து ஒரு பெண்ணுடலின்மேல் வைத்திருக்கிறார். பேசியதற்காகக் கொல்லப்பட்டவளுக்குப் பேசாமலிருப்பதே அதிகாரமான ஒரு முகம். இதில் அனுதாபம் தேடும் தொனியே இல்லை. பறிமுதல் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

அட்டை, உப்புத்தாள், பசை

அயோன் கையாண்ட உத்தி கொலோகிராஃபி. ஒட்டுப்படத்தைக் குறிக்கும் கொலாஜ் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். மற்ற அச்சு முறைகளில் தகட்டைக் கீறுவார்கள், அமிலத்தில் அரிப்பார்கள், மரத்தைச் செதுக்குவார்கள், எதையாவது எடுப்பார்கள். இதில் ஒட்டுவார்கள். ஓர் அட்டையின்மேல் வேறு வேறு தாள்கள், உப்புத்தாள், துணி, பசையில் குழைத்த சிராய்ப்புத் தூள் என்று மேற்பரப்பைக் கட்டிக்கொண்டே போக வேண்டும். பிறகு மேலே வார்னிஷோ அக்ரிலிக்கோ பூசி அடைத்து, மை தடவி, துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைக்கடியில் விட வேண்டும். வழவழப்பான இடத்தில் மை துடைபட்டுவிடும், அது வெள்ளை. சொரசொரப்பான இடம் மையை விடாது, அது கறுப்பு. நடுவிலிருக்கும் அத்தனை சாம்பலும் அட்டையின் சொரசொரப்பை விரல் எப்படிக் கணித்தது என்பதைப் பொறுத்தது.

எழுதினால் எளிதாகத்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்காக நானும் செய்து பார்த்தேன். பழைய காலண்டர் அட்டை, தச்சர் மீதம்வைத்துப் போன இரண்டு எண் உப்புத்தாள், வெள்ளைப் பசை. அயோனின் முகங்களைப்போல ஒரு முகம், இரண்டு கண். முகத்துக்கு உப்புத்தாளை வெட்டி ஒட்டி, கண்களின் இடத்தில் அட்டையை அப்படியே விட்டு வார்னிஷை மூன்று கை அடித்தேன். மல்துணியால் துடைக்கும்போதே தெரிந்துவிட்டது. உப்புத்தாளின் விளிம்பில், வெட்டிய இடத்தில், மை ஓர் ஓடைபோலத் தேங்கி நிற்கிறது. துடைக்கத் துடைக்க விளிம்பிலிருந்து ஊறிக் கண்ணுக்குள் வருகிறது. முதல் பிரதியில் முகத்துக்குக் கண்ணே இல்லை, கரிச்சட்டியின் அடிப்பாகம். இரண்டாவதில் துடைப்பு அதிகமாகி முகம் வெளுத்துவிட்டது. மூன்றாவதில் ஓரத்தில் வார்னிஷ் சரியாக ஏறாத இடம் ஈரத்தாளோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது அட்டையின் மேல்தோல் தாளோடு உரிந்து வந்தது. மூன்று பிரதிக்குள் அட்டை ஓய்ந்துபோனது. தாமிரத் தகடுபோல இது நூறு பிரதிக்கெல்லாம் தாங்காது.

அதன் பிறகுதான் அயோனின் ஒரு படத்தில் மீன்செதில் போர்த்திய ஓர் உடலை உண்மையாகப் பார்த்தேன். அவருடைய சிகானின் தோல் பல படங்களில் செதில் செதிலாக இருக்கும், மீனும் அவளும் ஒன்றென்று சொல்வதுபோல. அந்தச் செதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளிம்பு உண்டு. ஒவ்வொரு விளிம்பிலும் மை தேங்கும். அத்தனை விளிம்பையும் ஒரே சீராகத் துடைத்து, செதிலின் உள்பக்கம் ஒரு சாம்பல், வெளிப்பக்கம் இன்னொரு சாம்பல் என்று நிறுத்துவது கைப்பழக்கத்தின் உச்சம். படத்தில் பார்க்கையில் அலங்காரம்போலத் தெரியும். கையில் மையோடு நின்று பார்த்தால் தவம் என்றுதான் சொல்லத் தோன்றும். நாத்திகர் என்பது நினைவிருக்கிறது.

எக்குவேயை உரசித்தான் எழுப்புவார்கள் என்றேன். கொலோகிராஃபியும் தோல்மேல் தோல் போர்த்தி, தேய்த்துத் துடைத்து, கடைசியில் அழுத்திக் குரல் வாங்கும் வேலைதான். இந்த ஒப்புமை என்னுடையது, அயோன் மேல் சுமத்தவில்லை. ஆனாலும் உலகத்தில் இத்தனை அச்சு முறைகள் இருக்க அவர் இதிலேயே வேரூன்றி நின்றது தற்செயல் என்று நம்ப மனம் வரவில்லை.

நிறம் போன இடம்

தொடக்கத்தில் அவர் வண்ணத்தில் செய்தவர். 'லா சேனா', அதாவது இராப்போசனம், என்ற படைப்பில் இதைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1988இல் அதை வண்ணத்தில் செய்தார். ஹவானாவின் உயர் கலை நிறுவனத்தில் படிப்பை முடித்த 1991இல் அதே கருவைக் கறுப்பு வெள்ளையில், ஏறத்தாழ 3 மீட்டர் அகலத்தில் மீண்டும் செய்தார். (அந்த நிறுவனம் இருப்பது புரட்சிக்கு முன் பணக்காரர்கள் கோல்ஃப் ஆடிய மைதானத்தில். இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லைதான், ஆனால் சொல்லாமலிருக்க முடியவில்லை.)

வண்ணத்தில் இருந்தபோது அது நன்றாகச் செய்த ஒரு மாணவப் படைப்பு. கறுப்பு வெள்ளைக்கு வந்ததும் வேறொன்றாகிவிட்டது. கிறிஸ்துவின் கடைசி இராவுணவை நினைவூட்டும் அமைப்பு, நடுவில் கிறிஸ்துவின் இடத்தில் சிகான், சுற்றிலும் பெண்ணுடல்கள். அபாக்குவாவிலும் தீட்சைக்குப் பின் ஒரு விருந்து உண்டு, ஆண்களின் விருந்து. இரண்டு மதங்களின் ஆண்பந்தியையும் ஒரே மேசையில் போட்டு, இலையில் உட்காரவைத்தது பெண்களை. காட்டிக்கொடுத்தவளும் பலியானவளும் ஒருத்தியே. யூதாசுக்குத் தனி நாற்காலி தேவையில்லை.

ஏன் நிறத்தைக் கைவிட்டார் என்பதற்கு உடனே கிடைக்கும் பதில் ஒன்று உண்டு. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்ததும் கியூபா 'சிறப்புக் காலம்' என்று அரசே பெயர்சூட்டிய பஞ்ச காலத்துக்குள் விழுந்தது. பெட்ரோல் இல்லை, மின்சாரம் இல்லை, தாள் இல்லை, மை இல்லை. அதனால் கறுப்பு மையோடு நின்றுவிட்டார் என்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. கறுப்பு வெள்ளைப் பெரும்படைப்புகள் பலவும் 1991லேயே முடிந்துவிட்டன, பஞ்சம் முற்றுவதற்கு முன்பே. 1998இல் லாஸ் ஏஞ்சலஸில் தனிக்காட்சி வைக்கும் அளவுக்கு வெளியுலகத் தொடர்பு வந்த பிறகும் நிறம் திரும்பவில்லை. பஞ்சத்தின் பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. தாமிரமும் துத்தநாகமும் அமிலமும் எட்டாத ஊரில் அட்டையும் பசையும் போதும் என்ற உத்தி தாக்குப்பிடித்தது. உத்தியைக் காப்பாற்றியது வறுமை, நிறத்தைத் துறந்தது அவருடைய முடிவு. இரண்டையும் குழப்பினால் ஒரு கலைஞரின் தேர்வை ரேஷன் கார்டின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

நிறம் போனதால் கிடைத்தது என்ன? லாந்தலூசேயின் வண்ண இரெமேவும் சுற்றுலாப் பொம்மையும் ஒரே அடியில் ஒதுங்கிவிட்டன. நாட்டார் கலை என்று தலையைத் தட்டிக்கொடுக்க வழியில்லாமல் போனது. சிகானின் தோலும் இனம் தெரியாததாகிவிட்டது. ஒரு படத்தில் அவள் கரும்பாறைபோல முழுக் கறுப்பு, இன்னொன்றில் மாவில் பிடித்ததுபோல முழு வெள்ளை. ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்ணொருத்தி, சட்டப்படி நிறபேதம் ஒழிந்துவிட்டதாக அறிவித்த நாட்டில், தோலின் நிறத்தை அட்டையின் சொரசொரப்பாக மாற்றிக்கொண்டார். கறுப்பு என்றால் மை தங்கிய இடம், வெள்ளை என்றால் தங்காத இடம். அவ்வளவுதான்.

அந்த உடல்களுக்கான மாதிரி பெரும்பாலும் அவரே. தன் உருவக்கோட்டையே வெட்டி அட்டையில் ஒட்டினார், சிகானைத் தன் மறுவடிவமாகவே பேசியும் வந்தார். 1993இல் செய்த ஒரு படத்தில் சிகான் ஓர் ஆட்டோடு இருக்கிறாள். கதை தெரியாதவருக்கு மேய்ச்சல்காரிபோலத் தோன்றலாம். கதை தெரிந்தால் வயிற்றைப் பிசையும். அவள் தோல் பேசாததால் பலிக்கு வந்த ஆடல்லவா அது? பலியும் மாற்றுப்பலியும் சேர்ந்து நம்மைப் பார்க்கின்றன. அந்த ஆண்டுகளின் தலைப்புகளில் 'தீர்ப்பு' என்று ஒன்று, 'மனம் வருந்தியவள்' என்று இன்னொன்று. 1991இல் செய்த 'ந்யோரோ' என்பது இறந்த உறுப்பினருக்கு அபாக்குவாக்கள் நடத்தும் துக்கச் சடங்கின் பெயர். சிகானுக்கு அப்படியொரு சடங்கு யாரும் செய்திருக்க வாய்ப்பில்லை. அச்சில் நடந்தது.

1997, 98 வாக்கில் படைப்புகள் சுருங்குகின்றன. மூன்று மீட்டர் பரப்பிலிருந்து ஒரு வட்டத்துக்குள் ஒரு முகம் என்ற அளவுக்கு. தலைப்புகளும் மாறுகின்றன. 'ஆதாரமற்ற அச்சங்கள்', 'துன்புறுத்தல்', 'என்னை வெளியே விடு!!' இரட்டை ஆச்சரியக்குறி அவர் போட்டது. வெளிப்படையாகச் சொன்னால், இந்தக் கட்டத்தில் தலைப்பு படத்தைவிட உரக்கப் பேசுகிறது. 1991இன் படங்களுக்குத் தலைப்பே வேண்டாம், இவற்றில் சிலவற்றுக்குத் தலைப்பை எடுத்துவிட்டால் கொஞ்சம் தள்ளாடும். ஆனால் வட்டம் என்ற வடிவம் நன்றாக வேலை செய்கிறது. முரசின் முகமும் வட்டம்தான்.

இந்தக் கடைசிப் படங்களில் அவருடைய சாவைத் தேடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. 'என்னை வெளியே விடு' என்றாரே, அடுத்த ஆண்டே போய்விட்டாரே என்று. இது சோம்பேறிப் படிப்பு. அந்த ஆண்டுகளில்தான் கியூபாவின் எழுத்தாளர் கலைஞர் சங்கத்தில் காண்கலைப் பிரிவின் துணைத்தலைவராகிறார், கற்பிக்கிறார், ஊர் ஊராகப் போகிறார். அதற்குச் சற்று முன், 1996இல், சாந்த்ரா ராமோஸ், அபெல் பரோசோ ஆகியோரோடு சேர்ந்து 'லா உவேயா முல்திப்லே' என்ற அச்சுக்கலைக் கண்காட்சியை நடத்துகிறார். 'பன்மடங்குத் தடம்' என்று பெயர். ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் கீழே உட்காரவைத்திருந்த அச்சுக்கலையை நடு முற்றத்துக்குக் கொண்டுவரும் வேலை அது. அந்த மனுஷியின் சாவுக்குக் காரணம் நமக்குத் தெரியாது, அட்டைகளில் எழுதியும் இல்லை. சிகானை அயோனாக்கிவிட்டால், கொல்லப்பட்டவளும் தன்னை முடித்துக்கொண்டவளும் ஒருத்தியாகி, கொலை செய்தவர்கள் கதையிலிருந்து நழுவிவிடுவார்கள்.

ரகசியத்தை உடைத்தாரா என்ற கேள்வியும் இருக்கிறது. என் பார்வையில் இல்லை. சிகான் கதை இனவரைவியல் நூல்களில் ஏற்கெனவே அச்சேறியதுதான். திரைக்குப் பின்னால் நடப்பதை அவர் வரையவும் இல்லை, அது அவருக்குத் தெரியவும் வழியில்லை. சடங்குக் குறிகளையும் அவர் அப்படியே பெயர்த்து வைத்து 'ஆதாரபூர்வம்' காட்டவில்லை. காலியாக இருந்த இடத்தை, யாரும் உருவம் கொடுக்காத அந்த ஒருத்தியின் இடத்தை, மட்டும் எடுத்துக்கொண்டார். ஆண்களின் ரகசியத்தைத் தொடாமலேயே அந்த ரகசியத்தின் விலை என்ன என்று காட்ட முடிந்தது அதனால்தான்.

கோடுகள்

புகழ் வந்த வரிசையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1993இல் வெனிஸ் பியனாலே என்ற ஈராண்டுக் கலைக் காட்சி, அதே ஆண்டு நெதர்லாந்தின் மாஸ்திரிக்ட்டில் அச்சுக்கலைப் பரிசு. மறைவுக்குப் பத்தாண்டு கழித்து 2009இல் ஹவானாவில் 'ந்காமே' என்ற பின்னோக்குக் காட்சி, தொகுத்தவர் கிறிஸ்தீனா வீவெஸ். 2016இல் லாஸ் ஏஞ்சலஸின் ஃபவ்லர் அருங்காட்சியகத்திலும் 2017இல் நியூயார்க்கின் எல் மியூசியோ தெல் பாரியோவிலும் அது காட்சிக்கு வந்தது. 2021இல் மாட்ரிட்டின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகம். 2022இல் மீண்டும் வெனிஸ், இம்முறை மையக் கண்காட்சியில், அவர் இல்லாமல்.

முதல் வெனிஸுக்குப் போனதுதான் எனக்குப் பிடித்த கதை. 1993இல் ஹவானாவில் பெட்ரோல் கிடைக்காது, காரும் பேருந்தும் ஓடாது. அயோனும் அவருடைய தந்தையும் படங்களை எடுத்துக்கொண்டு ஏறத்தாழ 20 மைல் சைக்கிள் மிதித்து விமான நிலையத்துக்குப் போனார்கள்.

மூன்று மீட்டர் அகலப் படம் எப்படி சைக்கிளில் போகும்? அது ஒரே தாள் இல்லை. பிரஸ்ஸின் படுக்கை எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் ஓர் அட்டை, ஓர் அட்டைக்கு ஒரு தாள். உடலைத் துண்டுதுண்டாக அட்டைகளில் பிரித்து, தனித்தனியாக மை தடவி, தனித்தனியாக அச்சடித்து, சுவரில் பக்கத்துப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். இந்தத் தாளின் சாம்பலும் அந்தத் தாளின் சாம்பலும் ஒத்துப்போனால்தான் தோள் தோளாக இருக்கும். ஒத்துப்போகின்றன. ஆனாலும் தாளும் தாளும் சந்திக்கும் கோடு தெரியும். ஓர் உருவத்தின் நடுவில் அது ஓடினாலும் ஓடும், மேசையைக் குறுக்கே வெட்டினாலும் வெட்டும். அந்தக் கோட்டை மறைக்க அயோன் எதுவும் செய்யவில்லை.